இரும்புத் தொப்பியில் ஓர் எழுத்து

பொங்கல் விழாவை ஒட்டி நம் சங்கத்தில் பழைய புகைப்படக் கண்காட்சி ஒன்று வைப்பதென்று முடிவாயிற்று. கல்கத்தாவில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், தங்கள் பெட்டிகளில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் படங்களைத் தந்து உதவ வேண்டும் என்று அறிவிப்பு போயிற்று. வரும் படங்களை வாங்கிப் பட்டியல் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ரிடையர் ஆனவனுக்கு வேலை இருக்காது என்று யார் சொன்னார்கள்?

கல்யாணப் படங்கள், நவராத்திரிக் கொலு, லேக் மார்க்கெட் பக்கத்து மொட்டை மாடிகள் என்று வந்துகொண்டிருந்தன. இவற்றுக்கு நடுவே நண்பர் ஒருவர் கண்ணாடிச் சட்டம் போட்ட சிறிய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். தலையில் சூப் தட்டைக் கவிழ்த்தாற்போன்ற இரும்புத் தொப்பி. அதன் முன்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் 'டபிள்யூ' என்ற ஆங்கில எழுத்து. சட்டத்தின் அடியில் பித்தளைத் தகட்டில் 'பர்மா போர்முனையில், 1942' என்று பொறித்திருந்தது.

"எங்க அம்மாவோட அப்பா சார். பர்மாவிலே சண்டை போட்டவர். இதை நட்ட நடுவிலே மாட்டணும்" என்றார் நண்பர்.

"இந்த டபிள்யூ என்ன?" என்று கேட்டேன்.

"வார்ங்கிறதுக்கு முதல் எழுத்தா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ரயில் பெட்டியின் மேல் யாரும் 'ரயில்' என்று எழுதி வைப்பதில்லை. போருக்குப் போனவர் தொப்பியில் 'போர்' என்று எழுத என்ன அவசியம்? ஆனால் நண்பரின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் சட்டென்று எதுவும் சொல்ல மனம் வரவில்லை. "ஒரு வாரம் படம் என்னிடம் இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடைசிப் பெட்டியின் பாடம்

நான் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமா. ரயில்வேயில் கோச், வேகன் பராமரிப்பில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. அதில் பெரும்பகுதி காரக்பூரில். எங்கள் தொழிலில் பாதி, எழுத்தையும் குறியையும் படிப்பதுதான். ஒரு கூட்ஸ் வேகனின் பக்கவாட்டில் 11 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகை. அடுத்த இரண்டு அது எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. அதற்கடுத்த இரண்டு கட்டிய வருடம். பிறகு வரும் நான்கு அதன் தனி எண். கடைசி ஒன்று, மற்ற பத்தும் பிழையில்லாமல் எழுதப்பட்டனவா என்று சரிபார்க்க. தெரிந்தவனுக்கு அது ஒரு ஜாதகம். தெரியாதவனுக்கு வெறும் எண்.

இன்னொரு குறியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரயிலின் கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கும். 'எல்.வி.' என்று ஒரு பலகையும் தொங்கும். லாஸ்ட் வெஹிக்கிள் என்பதன் சுருக்கம். வண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது ஊழியர்கள் அதைப் பார்ப்பார்கள். குறி கண்ணில் பட்டால் வண்டி முழுதாக வந்துவிட்டது என்று அர்த்தம். படாவிட்டால், வழியில் எங்கோ சில பெட்டிகள் கழன்று நிற்கின்றன. அந்தக் குறி டிரைவருக்காகப் போட்டதல்ல, பயணிக்காகவும் அல்ல. பின்னால் நின்று பார்க்கிறவருக்காகப் போட்டது. அதனால்தான் முதுகில் இருக்கிறது.

இதை வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக் கொடுத்த மூத்த ஊழியர், "குறி என்னன்னு அப்புறம் பாரு தம்பி. யார் பார்க்கறதுக்காகப் போட்டிருக்கான்னு முதல்லே பாரு" என்பார். பழைய போர்ப் படங்களில் ஹெல்மெட் குறிகளைப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கானபோது, இந்த ஒரு வாக்கியம்தான் எனக்குத் திறவுகோலாக உதவியது.

நார்மண்டியில் சீட்டுக் கட்டு

1944 ஜூன் 5 நள்ளிரவையும் ஜூன் 6 அதிகாலையையும் எடுத்துக்கொள்வோம். பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நாள். கடற்கரைத் தாக்குதலுக்குச் சில மணி நேரம் முன்பே அமெரிக்காவின் 101-வது வான்வழி டிவிஷன் வீரர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். இருட்டு, மேகம், கீழேயிருந்து விமான எதிர்ப்புப் பீரங்கிகள். விமானங்கள் வரிசை கலைந்தன. வீரர்கள் குறித்த இடத்தை விட்டு எங்கெங்கோ சிதறி விழுந்தார்கள். விடிந்ததும் ஒருவன் முன் நிற்பவன் எந்த ரெஜிமெண்ட்டைச் சேர்ந்தவன் என்று எப்படித் தெரியும்?

அதற்காகவே புறப்படும் முன் ஹெல்மெட்டின் இரு பக்கவாட்டிலும் வெள்ளைப் பெயிண்டில் சீட்டுக் கட்டுச் சின்னங்களைப் போட்டிருந்தார்கள். 501-வது பாராசூட் ரெஜிமெண்ட்டுக்கு டைமன். 502-வதற்கு ஆர்ட்டின். 506-வதற்கு இஸ்பேட். 327-வது கிளைடர் ரெஜிமெண்ட்டுக்குக் கிளாவர். சின்னத்தைச் சுற்றி ஒரு சிறு கோடும் இருக்கும். அதைக் கடிகார முள்ளாக எண்ணிப் படிக்க வேண்டும். கோடு 3 மணி இடத்தில் இருந்தால் முதல் பட்டாலியன். 6 மணி இடத்தில் இருந்தால் இரண்டாவது. 9 மணியில் மூன்றாவது. 12 மணியில் தலைமையகம். நம் வேகன் எண்ணைப்போல எத்தனை சிக்கனமான ஏற்பாடு பாருங்கள்! இஸ்பேட்டும் அடியில் ஒரு கோடும் தெரிந்தால், 506-வது ரெஜிமெண்ட், இரண்டாவது பட்டாலியன் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். 2001-இல் வந்து நம் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பிப் பார்த்த 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் நாயகர்கள் அந்தப் பட்டாலியன்தான்.

இனி, ஹெல்மெட்டின் பின்புறம். அமெரிக்கத் தரைப்படையில் அதிகாரியின் ஹெல்மெட்டுக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். சார்ஜெண்ட் போன்றவர்களுக்குக் கிடைமட்டமாக ஒரு கோடு. ஏன் பின்னால்? பின்தொடரும் வீரனுக்குத் தன் தலைவன் யாரென்று தெரிய வேண்டும். முன்னால் குறிபார்த்துக்கொண்டிருக்கும் எதிரிக்குத் தெரியக் கூடாது. ரேஞ்சர் படையினரின் ஹெல்மெட்டிலும் செம்மஞ்சள் நிறச் சாய்சதுரமும் அதனுள் 2 அல்லது 5 என்ற பட்டாலியன் எண்ணும் பின்புறத்தில்தான் இருந்தன. கடைசிப் பெட்டியின் பெருக்கல் குறி நினைவுக்கு வருகிறதா?

கடற்கரையில் வந்திறங்கும் ஆட்களையும் சாமான்களையும் ஒழுங்குபடுத்திய பொறியியல் பிரிகேடுகளின் குறியோ முன் நெற்றியில் இருந்தது. வானவில்லைப்போல் வளைந்த வெள்ளைப் பட்டை அது. படகிலிருந்து இறங்கிக் குழம்பி நிற்பவன் 'யாரைக் கேட்பது' என்று தேடும்போது கண்ணில் பட வேண்டுமல்லவா? மருத்துவ உதவியாளர்களின் வெள்ளை வட்டத்துச் செஞ்சிலுவை பல பக்கங்களிலும் இருந்தது. எதிரியும் பார்க்க வேண்டும் என்றே போட்ட குறி அது ஒன்றுதான்.

குறி சொல்லும் தேதி

சில குறிகள் ஆளைக் காட்டுவதோடு காலத்தையும் காட்டும். முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் 1915-இல் அட்ரியன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தது. அதன் நெற்றியில் தகட்டில் அடித்த சின்னம் ஒன்று இருக்கும். காலாட்படைக்குத் தீப்பிழம்புடன் கூடிய கையெறிகுண்டு, பீரங்கிப் படைக்குக் குறுக்கிட்ட பீரங்கிகள், குடியேற்ற நாட்டுப் படைகளுக்கு நங்கூரம், வட ஆப்பிரிக்கப் படைகளுக்குப் பிறை. ஆகவே அட்ரியன் ஹெல்மெட் தெரியும் படம் 1914-ஆம் வருடத்துப் படமாக இருக்கவே முடியாது.

இரண்டாம் போரில் ஜெர்மன் தரைப்படையின் ஹெல்மெட்டில் இடப்பக்கம் கழுகுச் சின்னம், வலப்பக்கம் கறுப்பு வெள்ளை சிவப்பு நிறக் கேடயம் என இரண்டு ஒட்டுப்படங்கள் இருந்தன. 1940-இல் கேடயத்தை விட்டுவிடும்படி உத்தரவாயிற்று. 1943-இல் கழுகும் போயிற்று. ஆனால் இங்கே எச்சரிக்கை வேண்டும். உத்தரவு வந்த மறுநாளே எல்லாத் தொப்பிகளும் மாறிவிடா. நம் தென்கிழக்கு ரயில்வேயைப் பிரித்து 2003-இல் புதிய மண்டலங்கள் வந்த பிறகும், பழைய எழுத்துகளோடு எத்தனையோ வேகன்கள் ஓடிக்கொண்டிருக்கவில்லையா? கேடயம் இருந்தால் தொப்பி பழையது என்று சொல்லலாம். படமும் 1940-க்கு முந்தியது என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

ஏமாற்றும் படங்கள்

குறியைப் படிக்கும் முன் படத்தையே சந்தேகிக்க வேண்டும். நெகட்டிவை மாற்றிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருந்தால் இடம் வலமாகிவிடும். ஜெர்மன் கழுகு வலப்பக்கம் தெரிந்தால் புது வகைத் தொப்பி என்று துள்ள வேண்டாம். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம், துப்பாக்கியின் போல்ட் எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும். டபிள்யூ, ஏ, எம் போன்ற எழுத்துகளைத் திருப்பினாலும் அப்படியேதான் இருக்கும். அவை காட்டிக் கொடுக்கமாட்டா.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறமும் ஏமாற்றும். பழைய வகை ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும், நீலம் வெளுத்தும் விழும். கறுப்புச் சிலுவை என்று நாம் நினைப்பது செஞ்சிலுவையாக இருக்கலாம்.

போதாக்குறைக்குத் தணிக்கை அதிகாரிகள் வேறு. எதிரிக்குப் படைப்பிரிவு தெரியக் கூடாதென்று தோள் சின்னத்தையும் ஹெல்மெட் குறியையும் படத்திலேயே அழித்துவிடுவார்கள். நார்மண்டிக்குப் புறப்படும் முன் 1944 ஜூன் 5 மாலையில், இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் விமானத் தளத்தில் ஜெனரல் ஐசனோவர் பாராசூட் வீரர்களோடு பேசும் புகழ்பெற்ற படம் இருக்கிறதே, அதன் சில பிரதிகளில் தோளில் இருந்த கழுகுத் தலைச் சின்னம் அழிக்கப்பட்டிருக்கும். அந்தப் படத்தில் ஐசனோவருக்கு எதிரே நிற்கும் லெப்டினண்ட் வாலஸ் ஸ்ட்ரோபலின் கழுத்தில் 23 என்று ஓர் அட்டை தொங்கும். ரெஜிமெண்ட் எண் என்றோ வயது என்றோ ஊகிக்கத் தோன்றும். அது அவர் ஏற வேண்டிய விமானத்தின் எண், அவ்வளவுதான். அன்று அவருக்கு 22-வது பிறந்த நாள்.

அதனால் நான் எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். ரயில் விபத்து விசாரணையில் ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. ஹெல்மெட் குறியும் ஒரு சாட்சிதான். இன்னும் இரண்டாவது வேண்டும்.

மீண்டும் நண்பரின் படத்துக்கு

இந்த விதிப்படி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நண்பரின் தாத்தாவைப் பார்த்தேன்.

முதல் சாட்சி அந்த எழுத்து. யார் பார்ப்பதற்காகப் போட்டது? நெற்றிக்கு நேரே பளிச்சென்ற வெள்ளை. பர்மாக் காட்டில் இப்படி ஓர் எழுத்தைச் சுமந்து போனால் எதிரிக்குக் குறி வைத்துக் கொடுத்தது போலாகும். அங்கே போரிட்ட 14-வது ராணுவத்துப் படங்களில் பலர் அகலமான துணித் தொப்பிதான் அணிந்திருப்பார்கள். ஆக, இந்த எழுத்து எதிரிக்குப் பயந்து மறைக்க வேண்டியதல்ல. எதிரே வருகிற பொதுமக்கள் பார்க்க வேண்டியது. பிரிட்டனில் விமானத் தாக்குதல் தற்காப்புப் பணியில் இருந்தவர்களுக்கு இப்படித்தான் எழுத்துகள் கொடுத்திருந்தார்கள். மீட்புக் குழுவுக்கு 'ஆர்', முதலுதவிக்கு 'எஃப்.ஏ.பி.', தூதுவருக்கு 'எம்', வார்டனுக்கு 'டபிள்யூ'. அதே முறையைப் பின்பற்றித்தான் இங்கும் ஏ.ஆர்.பி. அமைப்பு இருந்தது. ஏர் ரெய்டு பிரிகாஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது.

இரண்டாவது சாட்சி உடை. காக்கிச் சட்டையின் தோளில் ரெஜிமெண்ட் பெயரும் இல்லை, பதவிச் சின்னமும் இல்லை. மார்புப் பையிலிருந்து ஒரு சங்கிலி மட்டும் தொங்கியது.

மூன்றாவது சாட்சி பின்னணி. அவருக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அதன் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதப் பட்டைகள் ஒட்டியிருந்தன. குண்டு அதிர்ச்சியில் கண்ணாடி சிதறாமல் இருக்க நகரங்களில் செய்த ஏற்பாடு அது. காட்டுப் போர்முனையில் கண்ணாடி ஜன்னலுக்கு எங்கே போவது?

நண்பரை அழைத்துச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ தாத்தா சிப்பாயே இல்லையா சார்?"

"வார்டனாக இருந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்."

"ஐம்பது வருஷமா சொல்லிண்டிருக்கோம். என் பையன் ஸ்கூல்லே கட்டுரையே எழுதிட்டான். இப்போ போய் இல்லேன்னா?" படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் ஆள் வரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று நானும் வருந்தினேன்.

பிறகு அவர் தாயாரிடமிருந்தே அழைப்பு வந்தது. அவருக்கு 88 வயது. நான் போனபோது படம் மேஜைமேல் கிடந்தது. பக்கத்தில் பழைய துணியில் சுற்றிய ஏதோ ஒன்று.

"நீ சொன்னதா பையன் சொன்னான் தம்பி. இதைப் பாரு" என்று பிரித்தார். சங்கிலியோடு ஒரு விசில். துரு ஏறியிருந்தது. துடைத்துப் பார்த்தேன். 'ஏ.ஆர்.பி.' என்று மூன்று எழுத்துகள் பொறித்திருந்தன.

அனுமதி கேட்டுச் சட்டத்தைக் கழற்றினேன். படத்தின் முதுகில் கல்கத்தா ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை. அதன் கீழே பென்சிலில் 'ஜனவரி 1943'. சட்டத்துக்குள் அடைபட்டு இத்தனை வருடமாக யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

"பர்மான்னு யாரம்மா சொன்னது?" என்று கேட்டேன்.

"அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் காலமானப்புறம் என் தம்பி சட்டம் போட்டான். இரும்புத் தொப்பி இருக்கே, பர்மாவாத்தான் இருக்கும்னு அவனே எழுதி வெச்சுட்டான்."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். 1942 டிசம்பர் 20 அன்று ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் முதல் முறையாகக் குண்டு போட்டன. கிறிஸ்துமஸ் வரை இரவுகளில் தாக்குதல் தொடர்ந்தது. நகரமே காலியானதுபோல ஜனங்கள் ஹவுராவை நோக்கி ஓடினார்கள். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. தாயோடும் கைக்குழந்தைத் தம்பியோடும் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊருக்கு ரயிலேற்றிவிட்டார் அப்பா. கிளைவ் தெருவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா அவர். தான் மட்டும் வரவில்லை.

"ஆபீசிலே லீவு தரலைன்னு எங்கம்மாகிட்டே சொல்லியிருக்கார். லீவை விடப் பெண்டாட்டி பிள்ளை பெரிசில்லையான்னு எங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. அவர் ஒண்ணும் பதில் பேச மாட்டார்." விசிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்காகத்தான் இருந்திருக்கார்."

வார்டனின் வேலை என்ன? தன் பகுதியில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று கணக்கு வைத்திருக்க வேண்டும். விளக்கு வெளிச்சம் தெருவில் விழாமல் பார்க்க வேண்டும். சங்கு ஊதியதும் மற்றவர்களை உள்ளே அனுப்பிவிட்டுத் தான் தெருவில் நிற்க வேண்டும். குண்டு விழுந்தால் எங்கே என்று உடனே தகவல் தர வேண்டும். 1943 டிசம்பர் 5 அன்று பட்டப்பகலில் கிதர்பூர்த் துறைமுகம் குண்டுவீச்சுக்கு ஆளாகிப் பலர் மாண்டபோதும் இந்த நகரத்தில் இப்படிப்பட்டவர்கள் பணியில் இருந்தார்கள். கையில் துப்பாக்கி கிடையாது. விசிலும் ஒரு டார்ச்சும்தான்.

நண்பர் அதுவரை வாசற்படியிலேயே நின்றிருந்தார். "எல்லாரும் ஓடினப்போ இவர் நின்னிருக்கார்" என்று மட்டும் சொன்னார். பிறகு ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கி, பித்தளைத் தகட்டை அவரே கழற்றினார்.

கண்காட்சியில் அந்தப் படம் நடுவில்தான் மாட்டப்பட்டது. கீழே அட்டையில் 'கல்கத்தா, ஜனவரி 1943. ஏ.ஆர்.பி. வார்டன்' என்று எழுதினோம். பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் விசில். இளைஞர்கள் பலர் அங்கே நின்று, கல்கத்தாவில் குண்டு விழுந்ததா என்று ஆச்சரியத்தோடு கேட்டார்கள்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஏதேனும் படம் இருக்கலாம். தயவுசெய்து ஓரத்தை வெட்டிச் சட்டத்துக்குள் அடைக்காதீர்கள். வேண்டாத ஜன்னல் என்று நீங்கள் வெட்டுவதுதான் சாட்சியாக இருக்கும். பழைய சட்டமானால் ஒரு முறை கழற்றி முதுகைப் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே, இது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் பின்னால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். தெரியாததை எழுதாதீர்கள். தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தால் போதும். அதைப் பார்த்து இன்னொருவர் தேடிக் கண்டுபிடிப்பார்.